பொறிக்குத் தாய்மொழி இல்லை

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவு)

   

1950களின் நடுப்பகுதி. அமெரிக்க நாட்டுப் பிலதெல்பியா நகரம். அங்கு இரெமிங்டன் இராண்டு என்னும் நிறுவனத்தில் யூனிவாக்கு என்னும் கணிப்பொறிக்கு நிரல் வகுக்கும் குழுவின் தலைவியாய் இருந்தவர் கிரேசு ஆப்பர் என்னும் கணக்கியல் அறிஞர். வணிகக் கணக்குகளை ஆங்கிலச் சொற்களாலேயே எழுதி, அவற்றைப் பொறியே தன் எண்மொழிக்கு மாற்றிக்கொள்ளும் வழியை அவர் வகுத்துக்கொண்டிருந்தார். அப்பணிக்குப் பொருளுதவி வேண்டி மேலாளர்க்கு ஒரு செய்முறை காட்ட முனைந்தார். ஆங்கிலச் சொற்களால் ஆன ஒரு சிறு நிரலைக் காட்டினார். பின்னர், அந் நிரலின் ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு அவ்விடங்களிற் பிரெஞ்சுச் சொற்களை இட்டார். அதன்பின் செருமன் சொற்களை இட்டார். சொல் மாறினும் செயல் மாறாமையைக் காட்டினார்.

மகிழ்ந்திருக்க வேண்டிய மேலாளர் மருண்டனர். பிலதெல்பியாவிற் செய்த அமெரிக்கப் பொறி பிரெஞ்சையும் செருமனையும் அறிதல் எங்ஙனம் கூடும் என்று அவர்கள் கருதினர். ஆங்கிலம் தவிரப் பிறிதொரு மொழியில் நிரல் எழுதும் எண்ணமே தமக்கில்லை என்று உறுதிகூறி அவர்களை அமைதிப்படுத்த ஆப்பருக்கு மேலும் சில திங்கள் ஆயின. நிரல்மொழிகளின் வரலாறு பற்றி 1978இல் நடந்த மாநாட்டில் இந்நிகழ்ச்சியை அவரே நகைச்சுவைபட எடுத்துரைத்தார்.

அவையீர்! நகைத்துவிட்டு நகர்ந்துவிடத்தக்க செய்தியன்று இது. அம் மேலாளர் அறிவிலர் அல்லர். பொறி ஆங்கிலம் அறியும் என்று அவர்கள் நம்பினர். ஆகவேதான் பிறமொழியையும் அறியும் என்றதும் மருண்டனர். உண்மை யாது? பொறி பிரெஞ்சும் அறியாது, செருமனும் அறியாது, ஆங்கிலமும் அறியாது. மாந்தன் எழுதிய சொல் பொறிக்குள் புகுந்தபின் என்ன பாடு படுகிறது, எவ்வெவ் வடிவெடுக்கிறது, எங்கே தன் பெயரை இழக்கிறது என்பதை அறிந்தாலன்றி இவ்வுண்மை விளங்காது. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

எண்ணே அதன் மொழி

கணிப்பொறியின் நினைவகத்தில் இருப்பவை எண்களே. செய்யவேண்டிய கட்டளையும் எண். கணக்கிடவேண்டிய தரவும் எண். தரவு இருக்கும் இடத்தைச் சுட்டும் முகவரியும் எண். அவ்வெண்ணும் ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளால் ஆனது.

1949 மே 6ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் எடுசாக்கு என்னும் கணிப்பொறி தன் முதல் நிரலை இயக்கிற்று. அதற்கு நிரல் எழுதியோர் வெறும் எண்களை எழுதவில்லை. கூட்டலுக்கு ஓரெழுத்து, கழித்தலுக்கு ஓரெழுத்து, விடையை நினைவகத்தில் வைத்தற்கு ஓரெழுத்து எனக் குறிகளைத் தாள்நாடாவில் துளையிட்டனர். தேவிடு வீலர் என்னும் ஆய்வு மாணவர் வகுத்த 31 கட்டளைகள் அந்நாடாவைப் படித்து, எழுத்தை எண்ணாக்கி, நினைவகத்தில் முறையே அமைத்தன. மாந்தன் நினைவிற்கொள்ளத்தக்க குறியைப் பொறி ஏற்கத்தக்க எண்ணாக மாற்றும் இவ்வேலையே பின்னாளில் அசெம்பிளர் என்று ஆங்கிலத்தில் வழங்கும் பொறிமொழியாக்கியின் வேலை ஆயிற்று.

ஆனால், குறிக்கு எண் என்று நேருக்கு நேர் மாற்றும் வேலை அது. கணக்கு வாய்பாட்டையும் சொற்றொடரையும் மாந்தன் எழுதியவாறே ஏற்று அவற்றைப் பொறிமொழியாக மாற்றுவது அதனினும் பெரியதொரு வேலை. கம்பைலர் எனப்படும் தொகுப்பியின் வேலை அது. சான் பேக்கசு தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1957இல் வெளியிட்ட போர்ட்டிரான் தொகுப்பியே அவ்வேலை ஆளெழுதும் பொறிமொழிக்கு ஈடாக நடைபெறக் கூடும் என்று நாட்டிற்று.

எழுத்து, சொல், தொடர்

தொகுப்பி எவ்வாறு படிக்கிறது? ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. ஒருவனுடைய நாட்கூலியைக் கணக்கிடும் நிரலில்,

கூலி = நாள் × 8 + மிகை

என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்க. மாந்தன் கண்ணுக்கு இது ஒரு கருத்து. தொகுப்பிக்கோ இது தொடக்கத்தில் ஓர் எழுத்து வரிசை மட்டுமே. முதற்கண் அது சொல் பிரிக்கிறது: கூலி, சமக்குறி, நாள், பெருக்கற்குறி, எட்டு, கூட்டற்குறி, மிகை என ஏழு சொற்கள். பிரித்தவுடன் கூலி, நாள், மிகை ஆகிய பெயர்களை ஒரு பெயர்ப்பட்டியலில் எழுதி வரிசையெண் இடுகிறது. அதன்பின் நிரலில் நாள் என்பது நூறிடத்து வரினும் தொகுப்பி அப்பெயரை நூறுமுறை தூக்கித் திரிவதில்லை. பட்டியலில் இரண்டாம் பெயர் என்னும் எண்ணைமட்டும் சுமந்து செல்கிறது. சொல் தன் ஒலியையும் எழுத்தையும் இழக்கும் முதலிடம் இதுவே.

அடுத்தது தொடரிலக்கணம். ஏழு சொற்களும் ஒரே நிரையில் நின்றாலும் அவற்றின் உறவு நிரையன்று. பெருக்கல் முன்னும் கூட்டல் பின்னும் நிகழவேண்டும். ஆகவே தொகுப்பி நிரையை மரமாக மாற்றுகிறது. மரத்தின் முடியில் சமக்குறி. அதன் இடக்கிளையிற் கூலி, வலக்கிளையிற் கூட்டல். கூட்டலின் இடக்கிளையிற் பெருக்கல், வலக்கிளையில் மிகை. பெருக்கலின் கீழ் நாளும் எட்டும். இம் மரத்தைக் கீழிருந்து மேலாக ஏறிவந்தால் எது முன், எது பின் என்னும் ஐயமே இல்லை. நாம் வகுப்பறையில் ஒரு தொடரை எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பகுத்துக் காட்டுகிறோம் அல்லவா? அப் பகுப்பையே பொறி மரமாக வைத்துக்கொள்கிறது. 1960இல் வெளிவந்த அல்கால் என்னும் நிரல்மொழியின் அறிக்கை, ஒரு நிரல்மொழியின் தொடரிலக்கணம் முழுமையையும் நூற்பா வடிவிற் செறிவாக எழுதிக் காட்டிற்று. பேக்கசு, நவுர் என்னும் இருவர் பெயரால் அக்குறிமுறை இன்றும் வழங்குகிறது.

மூன்றாவது, பொருள்வழு நோக்குதல். 'கண்ணன் வந்தாள்' என்னும் தொடரில் எழுத்துப் பிழையில்லை. எழுவாயும் பயனிலையும் முறையே நிற்கின்றன. ஆயினும் அது பால்வழு. அவ்வாறே ஓர் ஊரின் பெயரை எட்டால் பெருக்குக என்று எழுதினால் தொடரமைப்பு முறையாகவே இருக்கும், பொருள் வழுவாகும். எண் எண்ணோடும், எழுத்து எழுத்தோடும் இயைகின்றனவா என்று தொகுப்பி பட்டியலைப் பார்த்து ஆராய்கிறது. வகைப்பொருத்தம் என்பர் இதனை.

எழுத்து, சொல், பொருள் என்னும் இம்மூன்று படிகளைக் கேட்டதும் தொல்காப்பியத்தின் மூன்றதிகாரங்கள் நெஞ்சில் தோன்றுதல் இயல்பு. ஆனால் ஒப்புமையை ஒப்புமையாகவே கொள்ளவேண்டும். தொல்காப்பியர் கணிப்பொறியைக் கண்டார் என்பது இதன் பொருளன்று. பொருளதிகாரம் நுவல்வது வாழ்வியலே அன்றி வகைப்பொருத்தம் அன்று. மொழியைக் கூறுபடுத்தி ஆராய முற்படும் எவரும் சிறு கூற்றிலிருந்து பெருங்கூற்றுக்குச் செல்லும் ஒழுங்கையே நாடுவர் என்பதே இதனாற் பெறப்படுவது. இலக்கணம் கற்ற மாணவன் தொகுப்பியைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை என்பதும் பெறப்படும்.

எம்மொழியும் அல்லாத இடைவடிவு

மரம் ஆனவுடன் பொறிமொழி ஆகிவிடுவதில்லை. நடுவே இடைவடிவு என்று ஒன்று உண்டு. தொகுப்பியின் உயிர்நிலை அதுவே.

அதன் தேவையைக் கணக்கால் அறியலாம். பத்து நிரல்மொழிகளும் பத்துவகைப் பொறிகளும் இருப்பின், ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு பொறிக்கும் ஒன்றாக நூறு மொழிமாற்றிகள் வேண்டும். நடுவில் ஒரு பொதுவடிவு இருந்தால், மொழியிலிருந்து பொதுவடிவுக்குப் பத்தும், பொதுவடிவிலிருந்து பொறிக்குப் பத்துமாக இருபதே போதும். இவ்வெண்ணத்தை 1958இல் அமெரிக்கக் கணிப்பொறியாளர் குழு ஒன்று அங்கால் என்னும் பெயரால் முன்மொழிந்தது. அனைத்து மொழிக்கும் அனைத்துப் பொறிக்கும் பொதுவான அத்தகைய ஒரே வடிவு அன்று கைகூடவில்லை. ஆயினும் அவ்வெண்ணம் சாகவில்லை. 2000இல் இலினாய் பல்கலைக்கழகத்திற் கிரிசு இலாட்னர், விக்ரம் அத்வே ஆகியோர் தொடங்கிய எல்.எல்.வி.எம். என்னும் தொகுப்பிக் கட்டமைப்பு, பல நிரல்மொழிகளையும் பல பொறிகளையும் ஓர் இடைவடிவின் வழியே இணைத்து அவ்வெண்ணத்திற்குப் பெரிதும் செயலுருத் தந்தது.

கூலிக் கணக்கு இடைவடிவில் எவ்வாறு நிற்கும்? ஒரு வரியில் ஒரே செயல் என்று உடைக்கப்படும். முதற் படியில் நாளை எட்டாற் பெருக்கி ஒரு தற்காலப் பெயரில் வைக்கும். அடுத்த படியில் அதனோடு மிகையைக் கூட்டி வேறொரு பெயரில் வைக்கும். மூன்றாம் படியில் அதனைக் கூலிக்குத் தரும். எவ்வளவு சிக்கலான வாய்பாடாயினும் இங்ஙனம் இரண்டு உள்ளீடு, ஒரு விளைவு என்னும் சிறுசிறு படிகளாகிவிடும்.

1980களில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நெறி சேர்த்தனர். ஒரு பெயர்க்கு ஒருமுறையே மதிப்புத் தரலாம் என்பது அந்நெறி. நிரலில் கூலி மூன்றிடத்து மாறினால், இடைவடிவில் கூலி-1, கூலி-2, கூலி-3 என மூன்று பெயர்கள் ஆகிவிடும். 'மழை பெய்தால் இக்கூலி, பெய்யாவிடின் அக்கூலி' என்று இரண்டு வழிகள் பிரிந்து மீண்டும் ஒன்றுசேரும் இடத்தில், வந்த வழியைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் ஒரு தனிக்குறி இடப்படும். இதனால் விளைந்த நன்மை பெரிது. ஒரு மதிப்பு எங்கே பிறந்தது, எங்கெங்கே பயன்பட்டது என்பது ஒரு பார்வையில் விளங்கிவிடுகிறது. பயன்படாத கணக்கை நீக்கலாம். இருமுறை செய்யும் கணக்கை ஒருமுறை செய்யலாம். 2005இல் வெளிவந்த சி.சி.சி. தொகுப்பியின் நான்காம் பதிப்பும் இம்முறையை மேற்கொண்டது.

திருத்தம் எத்தகையது என்பதற்கு நம் எடுத்துக்காட்டே சான்று. எட்டாற் பெருக்குக என்று மாந்தன் எழுதினான். எட்டு என்பது இரண்டை மூன்றுமுறை பெருக்கிய எண். பத்தாற் பெருக்க நாம் வலப்புறம் ஒரு சுழி சேர்ப்பதுபோல, இரண்டன் அடுக்கில் எண்ணும் பொறி எட்டாற் பெருக்க எண்ணை மூன்று இடம் தள்ளினாற் போதும். ஆகவே பெருக்கல் நீங்கித் தள்ளல் வந்தமரும். எழுதியவன் சொல் மாறிற்று, கருத்து மாறவில்லை.

இங்கே தமிழாசிரியர் ஒருவர் வியந்து நிற்கத்தக்க ஒன்றுண்டு. 1995இல் வெளிவந்த சாவா மொழியின் இடைவடிவு ஓர் அடுக்கின்மேல் இயங்குவது. அதில் இரண்டு எண்களைக் கூட்டும் கட்டளை 27, 28, 96 என்று அமையும். 27 என்பது முதலெண்ணை எடு. 28 என்பது இரண்டாமெண்ணை எடு. 96 என்பது கூட்டு. பொருள்கள் முன்னே நிற்க, வினை இறுதியில் வருகிறது. 'இதையும் அதையும் கூட்டு' என்று தமிழ் சொல்லும் வரிசையே அது. ஆங்கிலத்திலோ வினை முன்வரும். இதனால் தமிழ் உயர்ந்தது என்று முடிவுகட்டுதல் பிழை. வினையிறுதியாகப் பேசும் மொழிகள் உலகிற் பல. ஆங்கிலச் சொல்வரிசையே பொறியின் இயல்பு வரிசை என்னும் எண்ணம் பிழை என்பதே இதனால் விளங்குவது.

புணர்ச்சியும் இணைப்பும்

இடைவடிவிலிருந்து பொறிமொழிக்கு இறங்கும்போது நெருக்கடி ஒன்று தோன்றும். இடைவடிவிற் பெயர்கள் எத்தனையும் இருக்கலாம். பொறியின் உள்ளே உடனடியாகக் கைக்கெட்டும் பதிவகங்களோ மிகச் சிலவே. 64 இருமக்கூறு கொண்ட இன்டெல் வகைப் பொறியிற் பொதுப்பயன் பதிவகங்கள் நெடுங்காலம் பதினாறாகவே இருந்தன. பலர் வந்த வீட்டில் பாய்கள் சிலவே இருந்தாற்போன்ற நிலை. ஒரே பொழுதில் தேவைப்படும் இரண்டு பெயர்களுக்கு ஒரே பதிவகத்தைத் தரக்கூடாது. இதனை, அண்டை நாடுகளுக்கு ஒரே நிறம் தீட்டக்கூடாது என்னும் நிலப்படச் சிக்கலாக மாற்றி, 1981இல் சைத்தின் என்பாரும் அவர்தம் தோழரும் தீர்வுகண்டனர். இடம் பெறாத பெயர் நினைவகத்துக்கு அனுப்பப்படும்.

இதன்பின் பொறிமொழியாக்கி எண்களை எழுதி ஒரு கோப்பாக்குகிறது. 1980களின் இறுதியில் யூனிக்சு இயங்குதளத்தின் பொருட்டு வகுக்கப்பெற்று, இன்று இலினக்சு தளத்திலும் வழங்கும் 'எல்பு' வடிவக் கோப்பை எடுத்துக்கொள்க. அதன் முதல் நான்கு எண்கள் எப்போதும் 127, 69, 76, 70. அதனுள் கட்டளைக்கு ஒரு பகுதி, தரவுக்கு ஒரு பகுதி, பெயர்ப்பட்டியலுக்கு ஒரு பகுதி, திருத்தக் குறிப்புகளுக்கு ஒரு பகுதி என அறைகள் உண்டு.

திருத்தக் குறிப்பு எதற்கு? ஒரு நிரலை ஒரே கோப்பில் எழுதுவாரிலர். கூலிக் கணக்கு ஒரு கோப்பில். அதனைத் தாளில் அச்சிடும் செயல் வேறொரு கோப்பில். முதற்கோப்பிலிருந்து அச்சிடும் செயலை அழைக்கவேண்டும். ஆனால் அச்செயல் நினைவகத்தில் எவ்விடத்து அமரும் என்பது அப்போது தெரியாது. ஆகவே, 'அழை' என்பதற்குரிய 232 என்னும் எண்ணை எழுதி, முகவரிக்குரிய இடத்தில் நான்கு சுழிகளை இட்டுவைக்கிறது பொறிமொழியாக்கி. 'இவ்விடத்தை அச்சிடு என்பதன் முகவரி தெரிந்தபின் திருத்துக' என்று ஒரு குறிப்பும் எழுதிவைக்கிறது.

பின்னர் வருகிறது இலிங்கர் எனப்படும் இணைப்பி. எல்லாக் கோப்புகளையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இடம் தந்து, குறிப்புகளைப் படித்துத் திருத்துகிறது. அழைக்கும் கட்டளை 1000ஆம் இடத்திலும், அழைக்கப்படும் செயல் 1500ஆம் இடத்திலும் அமைந்தன என்று கொள்க. கட்டளையின் நீளம் ஐந்து. ஆகவே அடுத்த கட்டளை 1005இல். அங்கிருந்து 1500க்குத் தொலைவு 495. சுழிகள் நீங்கி, 495ஐக் குறிக்கும் 239, 1, 0, 0 என்னும் நான்கு எண்கள் அங்கே அமரும்.

இது நமக்குப் புதிதா? 'பொன்' என்னும் நிலைமொழி தனித்து நிற்கும்போது அதன் ஈறு னகரமே. 'குடம்' என்னும் வருமொழி வந்தபின்னரே அது றகரமாகிப் பொற்குடம் ஆகிறது. வருமொழி இன்னதென்று தெரியும்வரை திரிபு இன்னதென்று கூறவியலாது. இணைப்பியின் வேலையும் அத்தகைய புணர்ச்சியே. வருமொழி கிடைக்காவிடில், 'இப்பெயர்க்குரியது யாண்டும் இல்லை' என்று இணைப்பி முறையிட்டு நின்றுவிடும்.

தொகுப்பி என்னும் சொல்லின் வரலாறும் இவ்விடத்து அறியத்தக்கது. 1952இல் ஆப்பர் எழுதி முடித்த ஏ-0 என்பதே கம்பைலர் என்று பெயர்பெற்ற முதல் கருவி. இன்றைய நோக்கில் அது பெரும்பாலும் இணைப்பியின் வேலையையே செய்தது: எண்ணிட்டு வைத்த துணைநிரல்களைக் காந்த நாடாவிலிருந்து எடுத்து, முகவரி திருத்தி, ஒன்றாகத் தொகுத்தது. எடுசாக்குப் பொறியிலும், துணைநிரல் நினைவகத்தில் எங்கே அமரினும் அதற்கேற்ப முகவரியைத் திருத்தும் வழியை 1949ஆம் ஆண்டிலேயே வீலர் அமைத்துவிட்டார். தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகைப்படுத்தும். அவற்றுள் தொகுத்தலும் மொழிபெயர்த்தலும் அடங்கும். கம்பைலர் என்னும் கருவி தொகுத்தலிற் பிறந்து மொழிபெயர்த்தலாய் வளர்ந்தது.

பெயர் அழியும் இடம்

இணைத்து முடித்தபின் பெயர்களுக்கு வேலையில்லை. உள்ளிருக்கும் கூலி, நாள், மிகை என்பன முன்னரே எண்களாயின. கோப்புகளுக்கிடையே தூது சென்ற பெயர்களும் முகவரிகளாயின. வெளியிலுள்ள பொதுநூலகங்களோடு இணைதற்கு வேண்டிய சில பெயர்கள் தவிர, எஞ்சியவற்றை நீக்கிவிட்டாலும் நிரல் முன்போலவே இயங்கும். அவ்வாறு நீக்குதற்கென்றே கருவியும் உண்டு.

நீக்கியபின் அக்கோப்பைப் பார்ப்பவன் என்ன காண்பான்? ஏதோ ஓரிடத்து எண்ணை மூன்று இடம் தள்ளி, ஏதோ ஒன்றைக் கூட்டி, எங்கோ வைப்பதைக் காண்பான். அது ஓர் உழைப்பாளியின் கூலி என்பதையோ, எட்டு என்பது எதன் அளவு என்பதையோ அறியான். செயல் முழுமையும் எஞ்சியிருக்கும். கருத்து முழுமையும் நீங்கியிருக்கும். வழிநூல் இருக்கும், முதல்நூல் இராது.

இதனால் விளையும் இழப்பை உலகம் கண்டது. 1990களின் இறுதியில், ஆண்டை இரண்டிலக்கத்தால் எழுதிய பழைய நிரல்களை 2000ஆம் ஆண்டு வருமுன் திருத்தவேண்டிய நிலை ஏற்பட்டது. அப்போது இயங்கும் கோப்பு கையிலிருந்தும் முதல்நிரலைத் தொலைத்துவிட்ட நிறுவனங்கள் இருந்தமை தெரியவந்தது. முதல்நிரல் இருந்தவர் திருத்தினர். இல்லாதவர் எண்குவியலைத் துழாவினர், அன்றிப் புதிதாக எழுதினர். ஏட்டுச்சுவடி அழிந்து மேற்கோள் மட்டும் எஞ்சிய நூல்களின் அருமை அறிந்த இவ்வவைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முதல்நிரல் கையிலிருந்தாலும் போதாது என்று காட்டியவர் கென் தாம்சன். யூனிக்சு தளத்தை உருவாக்கியோருள் ஒருவர். தூரிங் பரிசு ஏற்று அவர் ஆற்றிய உரை 1984இல் அச்சில் வந்தது. தொகுப்பியையே சிறிது திரித்துவைத்தால், நுழைவுச்சொல் கேட்கும் நிரலை மொழிபெயர்க்கும்போதெல்லாம் அது ஒரு கள்ளவாயிலை அமைத்துவிடும். தொகுப்பியின் தூய முதல்நிரலை மொழிபெயர்க்கும்போதும் அத்திரிபைப் புதிய தொகுப்பிக்குள் மீண்டும் புகுத்திவிடும். முதல்நிரலில் தேடினால் ஒரு கரவும் தென்படாது. பிறர் செய்த மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி நிற்பவன் எத்துணை ஏமாற்றத்துக்கு இடமாகிறான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தமிழ்ப்பெயர் நுழையும் வாயில்

இனி, பிலதெல்பியா மேலாளரிடம் மீள்வோம். பொறிக்குள் எம்மொழியும் இல்லை. மொழி இருப்பது வாயிலில் மட்டும். அவ்வாயிலிற் காவல் நிற்பது சொல் பிரிக்கும் முதற்படி. எவ்வெழுத்துப் பெயராகலாம், எவ்வெழுத்து ஆகாது என்று அங்கே ஒரு நெறி எழுதிவைக்கப்பட்டுள்ளது. அந்நெறியை எழுதியது பொறியன்று. குழுவில் அமர்ந்த மாந்தர்.

மூன்று குழுக்களின் செயலை ஒப்பிட்டுக் காண்க. 1999இல் வெளிவந்த சி மொழியின் வரையறை, பெயரில் வரத்தக்க எழுத்துகளின் பட்டியலில் தமிழெழுத்துகளைக் காலோடும் கொம்போடும் புள்ளியோடும் சேர்த்தது. சி.சி.சி. தொகுப்பியின் 2020ஆம் ஆண்டுப் பத்தாம் பதிப்புமுதல் அவ்வெழுத்துகளை நேரடியாகவே நிரலில் எழுதலாம். 'கூட்டு' என்று ஒரு செயலுக்குப் பெயரிட்டால், ஒருங்குறி முறையில் அஃது ஆறு குறியெண்களாய், ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக, மொத்தம் 18 பைட்டாகக் கோப்பின் பெயர்ப்பட்டியலில் அமரும். இணைப்பி அதனை ஆங்கிலப் பெயரோடு வேற்றுமையின்றி இணைத்துவிடும்.

2008இல் வெளிவந்த பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பும் தமிழ்ப் பெயர்களை ஏற்றது. அதனோடு ஒரு நுண்மையும் செய்தது. ஒருங்குறியில் 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரண்டு குறியெண்களாலும் எழுதலாம். இரண்டும் சேர்ந்த ஒரு குறியெண்ணாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, எண்ணுக்கு இரண்டு. இதனை ஒருப்படுத்தாவிடில் ஒரே பெயர் இரண்டு பெயராகி நிரல் பிழைபடும். பைத்தான் பெயரைப் பட்டியலில் ஏற்றுமுன் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறது.

மூன்றாவது, கோ என்னும் நிரல்மொழி. 2012இல் வந்த அதன் முதற்பதிப்பின் நெறி, பெயரில் 'எழுத்து' என்னும் வகையினவும் எண்களும் மட்டுமே வரலாம் என்பது. எளிமை கருதி வகுத்த நெறி அது; பகைமையால் அன்று. ஆனால் ஒருங்குறி வகைப்பாட்டில் நம் புள்ளியும் காலும் கொம்பும் எழுத்தல்ல, 'குறி'. ஆகவே 'அகல', 'பட' என்பன பெயராகலாம். 'படம்' ஆகாது, புள்ளி உண்டு. 'பாடல்' ஆகாது, காலும் உண்டு. மெய்யெழுத்தின்றி, ஆகாரமும் இகரமும் ஏறிய உயிர்மெய்யின்றித் தமிழ் எழுதுக என்றால் எவ்வாறு எழுதுவது? அம்மொழியின் விளக்கப் பக்கமே, இந்நெறியால் தேவநாகரி போன்றவற்றில் எழுதும் மொழிகள் விலக்குண்ணுகின்றன என்று ஒப்புக்கொண்டது.

பொருளுணர்க. அத்தொகுப்பியின் மரமும் இடைவடிவும் இணைப்பும் தமிழை மறுக்கவில்லை. அவற்றுக்குத் தமிழ் இன்னதென்றும் ஆங்கிலம் இன்னதென்றும் தெரியாது. மறுத்தது வாயிலில் எழுதிய ஒரு வரி. அவ்வரி எழுதப்பட்டபோது, புள்ளி எழுத்தின் உறுப்பேயன்றி வெறும் குறியன்று என்று எடுத்துரைக்கும் குரல் அதனுள் இடம்பெறவில்லை.

பெயர்களை மட்டுமின்றிக் கட்டளைச் சொற்களையே தமிழாக்கும் முயற்சியும் நடந்துள்ளது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழி பற்றிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. அதில் வரன்முறையை முன்னே எழுதி 'ஆனால்' என்று பின்னே முடிக்கலாம்; ஆங்கிலத்தின் 'இஃப்' முன்னே நிற்பதுபோல் நிற்கவேண்டுவதில்லை. தமிழின் தொடரிலக்கணப்படியே எழுதிய வரியும், உள்ளே சென்றபின் அதே கிளை பிரியும் மரமே ஆகிறது. ஆப்பர் அன்று காட்டிய உண்மையையே இதுவும் காட்டுகிறது.

அவையீர்! ஆங்கிலம் வேண்டா என்று இங்கே கூறவில்லை. உலகப் பொதுநூலகங்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைக் கற்றே தீரவேண்டும். கூற வருவது வேறு. கணிப்பொறி ஆங்கிலம் பேசும் என்று எண்ணி, ஆங்கிலம் தடுமாறும் மாணவன் தனக்கு இக்கலை வாராது என்று ஒதுங்குகிறானே, அவனுக்கு உண்மையைச் சொல்லவேண்டும். நிரலெழுதத் தேவையானது கருத்தை முறைப்படுத்தும் ஆற்றல். எழுத்தைச் சொல்லாக்கி, சொல்லைத் தொடராக்கி, வழுவறிந்து, புணர்ச்சியறிந்து எழுதக் கற்றவனிடம் அவ்வாற்றலின் வித்து முன்னரே உளது.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. நிரல் எழுதுவோர் தாம் எழுதும் முதல்நிரலைப் பொருள் விளங்கும் பெயரோடும் விளக்கத்தோடும் எழுதிப் போற்றிக் காக்கவேண்டும். ஏனெனில் இயங்கும் கோப்பு அதனைக் காக்காது. தமிழாசிரியர்கள் ஒருங்குறியிலும் நிரல்மொழி வரையறைகளிலும் தமிழெழுத்து எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளது என்று கற்று, பிழை கண்டவிடத்துச் சான்றோடு எழுதவேண்டும். புள்ளி எதுவென்று பிறர் நமக்காக முடிவுசெய்ய விடலாகாது. பள்ளிகளில் முதல் நிரலைக் கற்பிப்போர், அதில் வரும் பெயர்களையேனும் தமிழில் இட்டுக் கற்பிக்கவேண்டும்.

பொறி 'கூலி' என்பதையும் அறியாது. அதன் ஆங்கிலச் சொல்லையும் அறியாது. இரண்டும் அதற்குப் பட்டியலில் ஓரெண். பெயர் பொறிக்காக இடப்படுவதன்று; பின்வரும் மாந்தன் படித்தற்கு இடப்படுவது. அம்மாந்தன் தமிழ்ப்பிள்ளையாயின், அவனுக்கு விளங்கும் பெயரை இடுக.